பிடித்துத் தைத்த இடம்

கயானி அருங்காட்சியகக் கிடங்கில்
வெப்பம் பதினெட்டு டிகிரியைத் தாண்டாது.
பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில்தான்.
ஹெல்லெவி கையுறையை நீட்டினாள்:
"இரண்டு மணிநேரம். திருப்பிப் போடுவதென்றால்
என்னைக் கூப்பிடு."

பெட்டிக்குள் வெள்ளைத் தாளில்
மல்லாந்து கிடந்தது
கைகளில்லாத ஒரு வெயிஸ்ட்கோட்.
பதிவேட்டில் அதற்கு ஒரே வரி:
ஆண் உடை, கம்பளி, பழுப்பு, 1860 வாக்கில்.

எனக்கு வேண்டியது அளவுகள் மட்டும்.
தோர்ஸ்தி கௌரனென் முன்பணம் கொடுத்துவிட்டான்.
நடுக்கோடைத் திருநாளுக்குள்
அச்சு அசலாக வேண்டுமாம்,
ஆனால் அவன் தொப்பைக்கு.

எண்ணினேன்.
முன்விளிம்பில் அங்குலத்துக்குப் பதினான்கு பின்தையல்,
மெழுகேற்றிய லினன் நூல்.
காஜா ஒன்பது. எட்டு வெட்டியவை;
கடைசி ஒன்று கத்தி படாமல்
சும்மா ஒப்புக்கு.
கண்ணில் படும் முன்பக்கம் கம்பளி,
படாத முதுகுக்கு முரட்டு லினன், அதிலும் மூன்று ஒட்டு.
உலகத்துத் தையற்காரர் எல்லாரும்
ஒரே சாதி.

பிறகு பக்கத் தையல்.
விளக்கைச் சாய்த்ததும்
அதற்கு வெளியே இன்னொரு வரிசைத் துளைகள்,
நூலில்லாமல்.
பிடித்திருக்கிறார்கள்.
இன்னும் குனிந்து பார்த்தால்
இரண்டு முறை பிடித்திருக்கிறார்கள்.
முதல் முறை பழகிய கை.
இரண்டாவது, ஊசி பிடிக்கத் தெரியாத யாரோ;
தாவித் தாவிப் போன ஓட்டுத் தையல்,
கறுப்பு நூல் பாதியில் தீர்ந்து
வெள்ளையில் முடிந்திருந்தது.

ஹெல்லெவியைக் கூப்பிட்டேன்.
"அறுபத்தேழாக இருக்குமா?"
ஜூன் வந்தும் ஏரி உருகாத ஆண்டு.
செப்டம்பர் உறைபனியில் பார்லி கருகி
பைன் பட்டையை இடித்து மாவில் கலந்த ஆண்டு.
அவள் தோளைக் குலுக்கினாள்.
"காசநோயாக இருக்கலாம்.
தம்பிக்குப் போயிருக்கலாம்.
துணி தேதி போட்டு வைக்காது."

சரிதான்.
இடுப்பில் மொத்தம் பதினெட்டு சென்டிமீட்டர் குறைப்பு,
காரணம் தெரியவில்லை
என்று எழுதிக்கொண்டேன்.

மடிப்பின் வாயை
மூங்கில் குச்சியால் மெல்ல விலக்கினோம்.
பழுப்பு இல்லை.
சிவப்பு.
மஞ்சிட்டிச் சிவப்பு, நடுவில் பச்சைக் கோடு,
கோட்டின் இரு கரையிலும் மஞ்சள்,
நேற்றுக் கடையில் கிழித்து வாங்கியதுபோல.
நூற்றைம்பது கோடையின் வெயில்
துணி முழுக்கத் தின்றிருக்கிறது,
ஒரு மனிதன் மெலிந்த அகலத்தைத் தவிர.

பென்சில் கையில் இருந்தது.
கொஞ்சநேரம் எதுவும் எழுதவில்லை.

சாயத்துக்கே ஆறு வாரம்.
எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு;
முதல் ஈடு செங்கல் நிறத்துக்குப் போய்
நாய்க்குப் போர்வையானது.
வெட்டுப்பலகையில் நின்றபோதுதான்
கேள்வி வந்தது:
எந்த ஆளைத் தைப்பது?
துளைக்கு அந்தப் பக்கம் ஒருவன்,
இந்தப் பக்கம் ஒருவன்.
தோர்ஸ்திக்கு முதலாமவன்தான் பொருந்துவான்.
தைத்தேன். காஜா ஒன்பது, எட்டுக்கு மட்டும் வெட்டு.
முதுகில் மூன்று ஒட்டு, வேண்டுமென்றே.

ஒரே ஒரு பொய்:
அசலில் தையலுக்கு உள்ளே விட்டிருந்தது ஒரு விரல் துணி.
நான் மூன்று விரல் விட்டேன்.
இன்னும் பெருத்தால்
பிரித்து விட்டுக்கொள்ளட்டும்.
பில்லில் அதைச் சேர்க்கவில்லை.

திருநாளன்று ஏரிக்கரையில்
தோர்ஸ்தி தீயில் மீன் வாட்டிக்கொண்டிருந்தான்,
கொழுந்துவிட்ட இன்னொரு தீயாக.
கண்ணாடி போட்ட ஒருவர் நின்று பார்த்துவிட்டு,
"அந்தக் காலத்தில் இவ்வளவு பளீரென்று
யார் உடுத்தினார்கள்?
கயானியில் அசலைப் பார்த்திருக்கிறேன்.
பழுப்பு" என்றார்.

தோர்ஸ்தி என்னைத் திரும்பிப் பார்த்தான்.
என் வாய் நிறைய ரொட்டி, வெண்ணெய் தடவியது.
மென்று முடிக்கும்வரை பொறுங்கள் என்று
கையைக் காட்டினேன்.